பாட்டைக் கேட்கும் இரண்டு செவிகள்



எங்கள் தோட்டத்துக் கோயிலில் தேவாரமும் கீர்த்தனையும் பாடிவந்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு திருவிழா இரவில் அவருடைய கச்சேரியைப் பதிவு செய்ய முற்பட்டேன். சத்தம் பெரிதாகக் கேட்கும் இடமே நல்ல இடம் என்று எண்ணி, பதிவுக் கருவியை ஒலிபெருக்கிப் பெட்டியின் அருகே வைத்தேன். மறுநாள் போட்டுக் கேட்டால், மிருதங்கமும் இரைச்சலும்தான் இருந்தன. குரல் தெளிவாக இல்லை. அடுத்த திருவிழாவுக்கு அவர் உயிரோடு இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் கேட்டால் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அந்தத் தவறு உங்களுக்கும் நேரக்கூடாது.

நமக்குக் காதுகள் இரண்டு. இடப்பக்கம் எழும் ஓசை இடக்காதில் சற்று முன்னதாகவும் உரக்கவும் விழுகிறது. அதைக்கொண்டே திசை அறிகிறோம். இரண்டு ஒலிவாங்கிகளால் இவ்வாறே பதிவதுதான் ஸ்டீரியோ முறை. இங்கிலாந்தின் ஆலன் பிளம்லைன் 1931இல் இதற்குக் காப்புரிமை கோரினார்.

எந்த ஒலிவாங்கியை வாங்குவது? முதலில் இடத்தைப் பாருங்கள். எல்லாத் திசை ஒலியையும் ஏற்கும் வகை, அமைதியான நல்ல மண்டபத்துக்கு ஏற்றது. நம் கோயில் மண்டபத்திலோ சிமெண்டுச் சுவர் எதிரொலிக்கும், மின்விசிறி சுழலும், பிள்ளைகள் ஓடுவார்கள். இங்கு முன்புற ஒலியை நன்கு ஏற்று, பின்புற ஒலியைக் குறைக்கும் கார்டியாய்டு வகையே உகந்தது.

அடுத்தது, உள்ளமைப்பு. வாயருகே பிடித்துப் பாட டைனமிக் வகை போதும். தள்ளி நின்று மெல்லிய குரலையும் ஏற்க, கண்டென்சர் வகை வேண்டும். இவற்றுள் பலவற்றுக்கு 48 வோல்ட் மின்னூட்டம் தேவை. உங்கள் பதிவுக் கருவி அதைக் கொடுக்குமா என்று கடையிலேயே கேளுங்கள். தனித்தனியாக வாங்கினால், இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

இரண்டின் தலைகளையும் ஒட்டினாற்போல் வைத்து, 90 பாகைக் கோணத்தில் குறுக்காகத் திருப்புவது ஒரு முறை. பிரெஞ்சு வானொலியார் வகுத்த முறையில் இடைவெளி 17 சென்டிமீட்டர், கோணம் 110 பாகை. இதில் இடம் அகன்று கேட்கும். குடும்பத்தார் பயன்பாட்டுக்கு, இரண்டு ஒலிவாங்கிகள் குறுக்காகப் பொருத்தப்பட்டே வரும் கையடக்கப் பதிவுக் கருவி போதும்.

பாடகருக்கு நேர் எதிரே, ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளி, அமர்ந்திருப்பவரின் தலைக்குச் சற்று மேலாக அதை நிறுத்துங்கள். மிருதங்கம் மிஞ்சினால், பாடகர் பக்கம் சிறிது நகர்த்துங்கள். ஒலிபெருக்கிப் பெட்டி பின்புறமாகவும் தொலைவிலும் இருக்கட்டும். தானாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மிருதங்கம் அதிரும்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடும். கச்சேரிக்கு முன் ஒரு பாட்டைப் பதிந்து கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டிலும் பாடுகின்ற பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். அடுத்த திருவிழா வரட்டும் என்று காத்திராதீர்கள்.