ஜாவாவும் அதன் சட்டகங்களும்

பெங்களூரிலும் புனேயிலும் கணிப்பொறித் தொழில் புரியும் நம்மவர் பலருக்கு அன்றாடம் சோறு போடுவது ஜாவா மொழி. அம்மொழியில் வலைச்செயலி எழுதுவோர் யாவற்றையும் தாமே எழுதுவதில்லை. உலாவியிலிருந்து வரும் கோரிக்கையை உரிய இடத்தில் சேர்ப்பது போன்ற பொதுப்பணிகளை முன்னரே செய்து வைத்திருக்கும் சட்டகத்தின்மேல் எழுதுகின்றனர். எந்தச் சட்டகம் என்பதே கேள்வி.

2000-ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ட்ரட்ஸில் நீண்ட எக்ஸ்.எம்.எல். கோப்புகளோடு மல்லாட வேண்டியிருந்தது. 2014-இல் வந்த ஸ்பிரிங் பூட் அத்தொல்லையைப் பெரிதும் நீக்கியது. 2019-இல் வந்த குவார்க்கஸ், தொடங்கும் வேளைக்குரிய வேலையில் பெரும்பகுதியை நிரலைத் தொகுக்கும்போதே முடித்துவிடுகிறது. ஆகவே விரைந்து எழுகிறது, நினைவகமும் குறைவாகவே கேட்கிறது.

ஆயினும் விரைவை மட்டும் ஒப்பிடுவது போதாது. 2017 மார்ச்சில் ஸ்ட்ரட்ஸ் இரண்டாம் பதிப்பில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. திருத்தமும் உடனே வந்தது. அதனை ஒரு செயலியில் இடத் தவறிய ஈக்குவிஃபாக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின!

எனவே நாம் முதலில் கேட்பது இது: திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றனவா? வந்தவற்றை இட நம் குழுவுக்கு இயலுமா? 2022-இல் வந்த ஸ்பிரிங் பூட் மூன்றாம் பதிப்பு ஜாவா 17-ஐக் கட்டாயமாக்கியது. ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கிய பெயர்கள் பலவற்றையும் ‘ஜகார்த்தா’ என மாற்றச் செய்தது. பழைய நிரல் மலைபோல் கிடக்கும் அலுவலகத்தில் இது ஒரு வாரத்து வேலையன்று. இருப்பினும் பெரிய குழுவுக்கு நாம் ஸ்பிரிங் பூட்டையே சொல்வோம், அறிந்தோர் மிகுதி. அடிக்கடி எழுந்து அடங்கும் சிறு சேவைகளுக்குக் குவார்க்கஸ் ஏற்றது. ஸ்ட்ரட்ஸ் முதற்பதிப்புக்கோ 2013-லேயே ஆதரவு நின்றுவிட்டது. அதில் இன்னும் ஓடும் செயலி எதுவாயினும் அதையே முதலில் மாற்றுக.