டிப் ஸ்டிக் ஏன் அரை இஞ்ச் மேல வந்துச்சு?

இந்த வாரம் கோடிங் கிடையாது, வேலை இன்டர்வியூ கிடையாது. ஏழு மாசமா என் காரோட நான் போட்ட சண்டையைத்தான் பேசப்போறேன். கார் பிடிக்காதவங்களும் கொஞ்சம் கேளுங்க. பாதி கதை காரைப் பத்தினது, மீதி நான் ஒரு மனுஷனைத் திட்டினதைப் பத்தினது.

கார் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. 1 லிட்டர் டர்போ பெட்ரோல், மூணு சிலிண்டர். கம்பெனி பேர் சொல்லலை. இந்தப் பிரச்சினை எந்த டர்போ பெட்ரோல் வண்டியிலயும் வரலாம். வாங்கும்போது 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. வாங்கி ரெண்டாவது மாசம் எங்க அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு. தரையில ஒரு கருப்பு வட்டம், பக்கத்துல என் ஸ்லாட் நம்பர், கீழ அசோசியேஷன் செக்ரட்டரி சார் போட்ட மூணு கேள்விக்குறி. அப்படித்தான் என் வண்டி ஆயில் ஒழுகுதுன்னு எனக்கே தெரிய வந்துச்சு.

கொஞ்ச நாள்ல வாசனையும் ஆரம்பிச்சது. ஹைவேல போயிட்டு சிக்னல்ல நின்னா, ஏசி வழியா கருகின எண்ணெய் வாசம். இதை லேசா எடுத்துக்கக் கூடாது. டர்போ பெட்ரோல் இன்ஜின்ல எக்ஸாஸ்ட் வாயு 900 டிகிரி வரைக்கும் கூடப் போகும். அந்தச் சூட்டுலதான் டர்போவோட ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கு. அது மேல ஆயில் சொட்டினா முதல்ல புகை, அப்புறம் நெருப்பும் வரலாம். நான் என்ன பண்ணேன்? ஒரு மாசம் வண்டிக்கு அடியில அட்டைப்பெட்டியை விரிச்சு வச்சேன். செக்ரட்டரி சார் சந்தோஷமா இருந்தார்.

அப்புறம்தான் மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். சின்ன ஷெட். அவரு, ஒரு உதவிப் பையன், அவ்வளவுதான். அண்ணன் இன்ஜினை டீசல் ஊத்திக் கழுவி, காயவச்சு, இருபது நிமிஷம் ஐட்லிங்ல ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. "ஓட்டிட்டு வாங்க தம்பி"ன்னார். ரெண்டு நாள் ஓட்டிட்டுப் போனா டேப்பெட் கவரோட பின் மூலை ஈரமா இருந்துச்சு. பேக்கிங் மாத்தினார். அடுத்த மாசம் மறுபடி ஈரம். இந்தத் தடவை டர்போவுக்கு ஆயில் போற பைப்போட காப்பர் வாஷரை மாத்தினார். மறுபடி ஈரம்.

இங்க என் பங்கும் கொஞ்சம் இருக்கு. ஒரு நண்பன் சொன்னான்னு லீக்கை அடைக்கிற மருந்து பாட்டில் ஒண்ணு வாங்கி ஆயில்ல ஊத்தினேன். ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊதவைக்கிற ரசாயனம் அது. ஒண்ணும் ஆகலை. இன்னொருத்தர் கெட்டியான ஆயில் ஊத்தச் சொன்னார். நல்லவேளை, அதை மட்டும் செய்யலை. டர்போவோட ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்தைத் தாண்டிச் சுத்தும். சின்ன டர்போன்னா ரெண்டு லட்சம் வரைக்கும் போகும். அது நிக்கிறதே ஒரு மெல்லிய ஆயில் படலத்து மேலதான். காலையில ஸ்டார்ட் பண்ணதும் அந்தப் படலம் உடனே போய்ச் சேரணும்னுதான் கம்பெனி மெல்லிசான ஆயிலைச் சொல்லுது. லீக்குக்குப் பயந்து ஆயிலைக் கெட்டியாக்கினா ஆயிலை விட்டுட்டு டர்போவை இழப்போம்.

மூணாவது தடவை அண்ணனோட சேர்ந்து நானும் உட்கார்ந்து தேடினேன். வண்டிக்கு அடியில நனைஞ்சிருக்கிற இடத்தைப் பார்த்தா ஏமாந்துடுவோம். ஆயில் கீழ வழியும், ஓடும்போது காத்து அதைப் பின்னாடி தள்ளும். நனைஞ்சதுலயே மேல இருக்கிற, முன்னாடி இருக்கிற இடம்தான் சந்தேகத்துக்குரிய இடம். இன்ஜினைச் சுத்தமாக் கழுவிட்டு, வீட்டுல இருந்த முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுபோய் தூவினேன். ஆயில் வர்ற வழியெல்லாம் பவுடர்ல கோடு கோடாத் தெரியும். யூவி சாயம் கலந்து நீல டார்ச் அடிச்சுப் பார்க்கிற முறையும் இருக்கு, ஆனா பவுடர் செலவில்லாதது. கோடு இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல போய் நின்னுச்சு. கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க ஆயில் சீல். அதுக்கு கியர்பாக்ஸை இறக்கணும். மொத்தம் 11,000 ரூபாய். சரி, இதோட முடிஞ்சதுன்னு கொடுத்தேன்.

முடிஞ்சதுன்னு நம்பினதுதான் தப்பு. அதுக்கப்புறம் ஒரு மாசம் ஆயில் அளவை நான் பார்க்கவே இல்லை. இடையில ஒரு தடவை திருச்சி போயிட்டு வந்தேன். ரெண்டாவது தடவை அம்மாவைக் கூட்டிட்டு ராத்திரி கிளம்பினேன். மாமாவுக்கு உடம்பு சரியில்லை, காலையில ஆஸ்பத்திரியில இருக்கணும். ரோடு காலியா இருந்துச்சு, நல்லா அழுத்தினேன். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு வளைவுல டேஷ்போர்டுல சிவப்பு எண்ணெய்க் குவளை ஒரு நொடி எரிஞ்சு அணைஞ்சது.

அந்த லைட்டைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். அது ஆயில் அளவைக் காட்டுறதில்லை, ஆயில் பிரஷரைக் காட்டுது. வளைவுல எரிஞ்சதுன்னா, மிச்சமிருந்த கொஞ்ச ஆயிலும் ஓரமா ஒதுங்கி பம்ப் வெறும் காத்தை உறிஞ்சிருக்கு. அந்த லைட் எரிஞ்சா அடுத்த பங்க் வரைக்கும் போய்ப் பார்ப்போம்னு நினைக்காதீங்க. உடனே இன்ஜினை அணைங்க. நான் அணைச்சேன். டிப் ஸ்டிக்கை உருவினா நுனியில கூட ஆயில் இல்லை.

ராத்திரி பதினொண்ணே கால். அம்மா முந்தானையை மூக்குல வச்சுக்கிட்டு ரோட்டோரமா நிக்கிறாங்க, பானெட்லருந்து புகை. நான் போனை எடுத்து மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். தூக்கத்துல எடுத்தார். என்ன பேசினேன்னு முழுசா சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு. "சீலை ஒழுங்கா அடிக்கத் தெரியலைன்னா எதுக்குக் கடை வச்சிருக்கீங்க"ன்னு கேட்டேன். அவர் ஒரே வார்த்தைதான் கேட்டார்: "அம்மா கூட இருக்காங்களா தம்பி?" நான் போனை வச்சுட்டேன்.

பக்கத்து பங்க்ல கிடைச்ச ஆயிலை ரெண்டு லிட்டர் ஊத்தினேன். பயத்துல மிச்ச தூரம் முழுக்க 60 கிலோமீட்டருக்கு மேல போகலை. ஆக்ஸிலரேட்டரை முட்டை மேல கால் வைக்கிற மாதிரி மிதிச்சேன். திருச்சி வந்து அளவு பார்த்தா, உளுந்தூர்பேட்டையில ஊத்தின அளவு அப்படியே இருக்கு. நூத்திச் சொச்சம் கிலோமீட்டர்ல ஒரு சொட்டு குறையலை.

ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்துக்கிட்டு அதையேதான் யோசிச்சேன். சீல் கிழிஞ்சிருந்தா மெதுவாப் போனாலும் ஒழுகணுமே? சென்னை திரும்பினதும் ஒரு ஷீட் போட்டேன். தேதி, எங்க போனேன், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு அழுத்தினேன், ஆயில் எவ்வளவு குறைஞ்சது. மூணு வாரம். சிட்டி டிராஃபிக்ல 400 கிலோமீட்டர் ஓடியும் கண்ணுக்குத் தெரியிற அளவுக்குக் குறையலை. பைபாஸ்ல ஒரு மணிநேரம் வேகமாப் போனா அன்னிக்கு மட்டும் விரல் அளவு இறங்குது. ஆபீஸ்ல நமக்குத் தெரியும், டெஸ்ட்ல வராத பக் புரொடக்ஷன்ல மட்டும் வரும். அண்ணன் ஷெட்ல ஐட்லிங்ல பார்த்தது டெஸ்ட். டர்போ முழு பிரஷர் கொடுக்கிற ஹைவேதான் புரொடக்ஷன்.

ஷீட்ல கடைசியா ஒரு காலம் இருந்துச்சு, 'மத்தவை'ன்னு. அதுல நாலு இடத்துல ஒரே விஷயத்தை எழுதியிருந்தேன்: "டிப் ஸ்டிக் சரியா உட்காரலை, அமுக்கினேன்." ஹைவே போயிட்டு வந்த நாலு நாளும். மாசக்கணக்கா டிப் ஸ்டிக் அரை இஞ்ச் மேல வந்து நிக்கும், நானும் என் கை சரியில்லைன்னு நினைச்சு அமுக்கிட்டே இருந்தேன். அது தானா மேல வராதே. உள்ள இருந்து ஏதோ தள்ளுது.

அண்ணன்கிட்ட போனேன். முதல்ல மன்னிப்பு கேட்டேன். "விடுங்க தம்பி, நடு ராத்திரியில அம்மாவோட நின்னா யாரா இருந்தாலும் கத்துவாங்க"ன்னுட்டு ஷீட்டை வாங்கிப் பார்த்தார். டிப் ஸ்டிக் வரி வந்ததும் நிமிர்ந்தார். "ஏன் தம்பி இதை முதல்லயே சொல்லலை? குக்கர்ல சைடுல ஆவி வந்தா கேஸ்கெட்டை மட்டுமா பார்ப்பீங்க, வெயிட்டைப் பார்க்கமாட்டீங்களா?"

விஷயம் இதுதான். எந்த இன்ஜின்லயும் எரியிற வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழ ஆயில் இருக்கிற அறைக்குள்ள இறங்கும். அதை வெளிய எடுக்கலைன்னா உள்ள பிரஷர் ஏறும். பழைய வண்டிகள்ல ஒரு குழாய் வழியா நேரா ரோட்டுல விட்டுடுவாங்க. 1960-களோட தொடக்கத்துல கலிபோர்னியாவுல காத்து மாசு பெரிய பிரச்சினையானப்போதான், அந்த வாயுவைத் திரும்ப இன்ஜினுக்கே கொடுத்து எரிக்கிற பிசிவி வால்வு பரவலா வந்துச்சு. சாதாரண இன்ஜின்ல இன்டேக் பக்கம் எப்பவும் உறிஞ்சிட்டே இருக்கும், அதனால வேலை சுலபம். டர்போ இன்ஜின்ல அதே இன்டேக், மெதுவாப் போகும்போது உறிஞ்சும், அழுத்தும்போது ஊதும். அதனால நடுவுல ஒரு ஒருவழி வால்வு வேணும். டர்போ ஊதுற நேரத்துல அது மூடிக்கும், வாயு வேற ஹோஸ் வழியா டர்போவுக்கு முன்னாடி இருக்கிற காத்துக் குழாய்க்குப் போகும். அந்த ஒருவழி வால்வு போச்சுன்னா, டர்போ ஊதுற காத்து நேரா ஆயில் அறைக்குள்ளயே போகும். ஆயில் அப்போ எங்க பலவீனமோ அங்க வழி தேடும். நாம ஒரு சீலை மாத்தினா அடுத்த சீல் வழியா வரும்.

அது ஊகம்தான், நிரூபிக்கணும். பக்கத்துல வீடு கட்டிட்டிருந்தாங்க. அண்ணன் போய் கொத்தனார்கிட்ட லெவல் டியூப்பை வாங்கிட்டு வந்தார். சுவர் மட்டம் பார்க்கிற அதே தண்ணி டியூப். ஒரு முனையை டிப் ஸ்டிக் குழாய்ல காத்து போகாம மாட்டி, பானெட் இடுக்கு வழியா வெளிய எடுத்து, ஜன்னல் வழியா காருக்குள்ள கொண்டுவந்தார். கையில 'யு' மாதிரி வளைச்சுப் பிடிச்சு, பாதிக்குத் தண்ணி ஊத்தினார். உள்ள பிரஷர் ஏறினா தண்ணி ஒரு பக்கம் ஏறும், உறிஞ்சினா இறங்கும். உலகத்துலயே மலிவான பிரஷர் மீட்டர்.

ஐட்லிங்ல தண்ணி இன்ஜின் பக்கமா ரெண்டு சென்டிமீட்டர் ஏறி நின்னுச்சு. மெல்லிய உறிஞ்சல், நல்ல இன்ஜினோட லட்சணம். ஷெட்ல பார்த்தப்போ எல்லாம் ஏன் ஒழுகலைன்னு அந்த ரெண்டு சென்டிமீட்டர் சொல்லிடுச்சு. பைபாஸுக்குப் போனோம். மூணாவது கியர்ல போட்டு, "இப்ப மிதிங்க"ன்னார். மிதிச்சேன். தண்ணி மொத்தமும் டியூப்லருந்து எகிறி அண்ணன் மூஞ்சியில அடிச்சது. (சிரிப்பு) அவர் துடைச்சுக்கிட்டே சிரிக்கிறார்: "கிடைச்சுட்டான் தம்பி!"

ஷெட்டுக்கு வந்து வால்வைக் கழட்டி வாயில வச்சு ஊதினோம். ஒரு பக்கம் மட்டும் காத்து போகணும். ரெண்டு பக்கமும் போச்சு. உள்ள கட்டைவிரல் நகம் அளவு ரப்பர் மடல், சூட்டுல காஞ்சு ஓரத்துல விண்டிருந்துச்சு. புது வால்வு 1,400 ரூபாய். சில வண்டிகள்ல இது டேப்பெட் கவரோடயே சேர்ந்து வரும், அப்போ செலவு அதிகம். இன்டர்கூலர் பைப்புல தேங்கியிருந்த ஆயிலையும் கழட்டித் துடைச்சார். லேபர் வாங்கமாட்டேன்னார், நானும் விடலை, கடைசியில பாதிக்கு ஒத்துக்கிட்டார். கியர்பாக்ஸ் இறக்கின 11,000 வேஸ்ட்டான்னு கேட்டேன். "சீலும் கசிஞ்சுதான் இருந்துச்சு, நான் பொய் சொல்லலை. ஆனா ஏன் கசியுதுன்னு நானும் கேட்கலை"ன்னார்.

அதுக்கப்புறம் ரெண்டு தடவை திருச்சி போயிட்டு வந்தாச்சு. மாமா வீட்டுக்கு வந்துட்டார். ஷீட்ல கடைசி ஆறு வரியிலயும் டிப் ஸ்டிக் இருந்த இடத்துலயே இருக்கு. கருகின வாசம் இல்லை, அம்மா மறுபடி முன் சீட்ல உட்காருறாங்க. கொத்தனார்தான் கோபமா இருக்கார், டியூப்ல ஆயில் நாத்தம் போகலையாம். புது டியூப் வாங்கிக் கொடுக்கணும், இந்த சனிக்கிழமை.

பார்க்கிங்ல அந்தக் கருப்பு வட்டம் இன்னும் போகலை. செக்ரட்டரி சார் நேத்து அதே போட்டோவை மறுபடி போட்டிருக்கார். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.