சரித்திரம் உதவாத பாடமா?



நாம் இக்கூட்டத்திற்கு வருமுன் ஒரு தோழர் நம்மிடம், "பையன் பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டான், மார்க்குப் போதவில்லை, சரித்திரப் பிரிவில்தான் இடம் கிடைத்தது, எல்லாம் தலைவிதி" என்று இழவு சொல்லுகிற மாதிரி சொன்னார். தலைவிதியைப் பற்றி அவரிடம் தனியே பேசிக்கொள்ளுவோம். சரித்திரம் என்பது மார்க்கு இல்லாதவனுக்குப் போடும் பிச்சை என்கின்ற எண்ணத்தைப் பற்றியே இன்று இரண்டொரு வார்த்தை பேச உத்தேசித்திருக்கிறோம்.

சரித்திரம் ஒன்றுக்கும் உதவாத பாடமானால், அதைக் கண்டு ஒரு சர்க்கார் பயப்படுமா? பயந்த சர்க்கார் ஒன்று உண்டு. அதுவும் பணத்திற்கும் படிப்பிற்கும் பெயர் போன அமெரிக்காவிலேயே உண்டு.

அங்கு அரிசோனா மாகாணத்தில் டூசான் என்று ஒரு நகரம். அது ஒரு காலத்தில் மெக்சிகோ தேசத்து ஊர். 1854-ம் வருஷத்தில் முடிந்த ஒப்பந்தப்படி, ஒரு கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா அந்தப் பிரதேசத்தை வாங்கிக்கொண்டது. ஆகவே அங்குள்ள பழைய மெக்சிகக் குடும்பங்கள் அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவை அல்ல. அமெரிக்காதான் அவர்கள் வாசலுக்கு வந்தது. இந்தச் சங்கதியை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

சொல்லத்தான் அந்நகரப் பள்ளி நிர்வாகம் 1998-ல் ஒரு பாடத்திட்டம் தொடங்கிற்று. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் விரும்பினால் மெக்சிக அமெரிக்கர் சரித்திரம், இலக்கியம், அரசியல் ஆகிய வகுப்புகளை எடுத்துக்கொள்ளலாம். எந்த இனத்துப் பிள்ளையும் சேரலாம். கட்டாயம் ஒன்றும் இல்லை.

2006-ல் அங்கு ஒரு பள்ளியில் டோலரெஸ் ஹுவெர்ட்டா என்ற தொழிலாளர் தலைவி பேசுகையில், குடியரசுக் கட்சியார் தம் மக்களை வெறுக்கிறார்கள் என்று சொன்னார். அதற்கு மறுப்புச் சொல்ல மாகாணக் கல்வித் தலைவர் டாம் ஹார்ன் தமது உதவி அதிகாரியை அனுப்பினார். மறுப்புச் சொல்லட்டும், அது அவர் உரிமை. ஆனால் பிள்ளைகள் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்! பிள்ளைகளில் சிலர் என்ன செய்தார்கள்? வாயில் நாடாவை ஒட்டிக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றார்கள். இந்த மரியாதைக் குறைவை அந்த வகுப்புகள்தாம் கற்றுக்கொடுத்தன என்று கல்வித் தலைவர் முடிவு கட்டினார். வாயை அடைத்தது மரியாதையாம்; அடைத்த வாயைக் காட்டியது மரியாதைக் குறைவாம்!

2010-ல் சட்டம் வந்தது. இன வெறுப்பை வளர்க்கும் பாடமோ, ஒரே இனத்தாருக்கென்று அமைத்த பாடமோ கூடாது. மீறினால் சர்க்கார் பணத்தில் நூற்றுக்குப் பத்து வரை பிடித்துக்கொள்ளப்படும் என்றது. வெறுப்பைக் கற்பிக்கக் கூடாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் வெறுப்பு அங்கு கற்பிக்கப்பட்டதா என்பதல்லவா கேள்வி? 2011-ல் கல்வி இலாகாவே ஆள் அமர்த்திப் பரிசோதித்தது. பரிசோதித்தவர்கள் சட்டம் மீறப்பட்டதற்கு அடையாளம் காணவில்லை என்றார்கள். அப்பொழுது கல்வித் தலைவராயிருந்த ஜான் ஹப்பென்தால், மீறப்பட்டதென்றே முடிவு சொன்னார். 2012 ஜனவரியில் பள்ளி நிர்வாகம் பணத்திற்குப் பயந்து வகுப்புகளை மூடிற்று. ஏழு புத்தகங்கள் வகுப்பறையிலிருந்து எடுத்துப் பெட்டியில் கட்டப்பட்டன.

மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2017 ஆகஸ்டில் நீதிபதி வாலஸ் தாஷிமா, அந்தச் சட்டம் இயற்றப்பட்டதும் அமல் நடத்தப்பட்டதும் இனத் துவேஷத்தினால்தான் என்று தீர்ப்பளித்தார். இந்த நீதிபதி யார்? ஜப்பானிய வம்சத்தவர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, அதே அரிசோனாவில் முள்வேலி முகாமில் குடும்பத்தோடு அடைக்கப்பட்ட சிறுவர். அவர் செய்த குற்றம் பிறப்பு ஒன்றுதான்.

தோழர்களே! தீர்ப்பு வந்தது சரி. ஆனால் நடுவில் ஐந்து வருஷம் போய்விட்டதே! அந்த ஐந்து வருஷத்தில் பள்ளியை விட்டுப் போன பிள்ளைக்கு எந்தக் கோர்ட்டு அந்த வகுப்பைத் திருப்பிக் கொடுக்கும்?

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? கணக்கில் இரண்டும் இரண்டும் நான்கு என்பதற்கு எந்தச் சர்க்காரும் பயப்படுவதில்லை. "என் பாட்டன் நிலம் யாரிடம் போயிற்று? எப்படிப் போயிற்று?" என்று பிள்ளை கேட்கும்பொழுதுதான் பயப்படுகிறது.

ஆனால் ஒன்று. நம்மைப் புகழுகிறது என்பதற்காக ஒரு சரித்திரம் உண்மையாகிவிடாது. எதிரியின் பொய்யைத் தள்ளிவிட்டு நம் பொய்யை வைத்துக்கொள்ளுவதற்குச் சரித்திரப் படிப்பு எதற்கு? அதற்குப் புராணமே போதுமே! எழுதியவன் யார், ஆதாரம் என்ன, யாரை விட்டுவிட்டான் என்ற மூன்று கேள்வியையும் நமது பெருமைக் கதைகளின் மீதும் போட வேண்டும்.

அந்தத் தோழருக்கு நாம் சொல்லுவது இதுதான். சரித்திரம் எடுத்தவனுக்கும் சட்டப் படிப்பு உண்டு, சர்க்கார் உத்தியோகப் பரீட்சை உண்டு, பயப்பட வேண்டாம். பையனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். இரவு சாப்பாட்டு வேளையில், "இன்று என்ன கேள்வி கேட்டாய்?" என்று விசாரியுங்கள். கேட்கவில்லை என்றால் அன்றைக்கு வருத்தப்படுங்கள் என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.