பட்டி நாய்க்கு இடுப்பு முறிந்தால்



மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது, ஆட்டுக்குக் கோமாரி கண்டால் என்ன செய்வது என்று இந்த நேரத்தில் எத்தனையோ பேர் வந்து பேசியிருக்கிறார்கள். நாயைப் பற்றிப் பேச வாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டபோது, நாய்க்கு ஒரு பேச்சா என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் காங்கயம், வெள்ளக்கோவில், சென்னிமலைப் பக்கத்து ஆட்டுக்காரர்களுக்கு அந்தக் கூச்சம் இருக்காது. 2024, 2025 ஆகிய இரண்டு வருஷங்களிலும் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற சேதி எங்கள் பக்கம் ஓயவே இல்லை. கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் படல் கட்டி ஆட்டை அடைத்துவிட்டு, தள்ளி வீட்டில் படுக்கிறவனுக்கு நல்ல பட்டி நாய் ஒன்று இருந்தால்தான் தூக்கம் வரும்.

எங்களிடம் இருப்பது மணி. சாதாரண நாட்டு நாய், செவலை நிறம். சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்று பெயர் சொல்லிக்கொள்ளும் சாதியெல்லாம் இல்லை. 2024 ஆவணிக் கடைசியில் அவன் இடுப்பு முறிந்தது. முறித்தவன் நான்தான்.

எரு அடிப்பதற்காக டிரெய்லரை மாட்டி நிறுத்தியிருந்தோம். அதன் நிழலில் மணி படுத்திருந்தான். தினமும் அங்கேதான் படுப்பான், எனக்கும் தெரியும். அன்றைக்கு அவசரம். குனிந்து பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்துவிட்டேன். சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தால், முன்னங்கால் ரெண்டையும் ஊன்றி, பின்பாகத்தை இழுத்துக்கொண்டு என்னை நோக்கித்தான் வருகிறான். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து தொங்குகிறது.

அந்த நேரத்தில் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடிப்போய் வாரித் தூக்கினேன். வலி தாங்காமல் என் கையைக் கடித்துவிட்டான். எட்டு வருஷம் என் கையால் சோறு தின்ற நாய். அது அவன் குற்றமில்லை. வலியில் துடிக்கிற எந்த நாயும் கடிக்கும். ஒரு துண்டுத் துணியைக் கிழித்து வாயைச் சுற்றி ஒரு கட்டு, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு போட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். வாந்தி எடுத்தாலோ, மூச்சு முட்டினாலோ மட்டும் வாயைக் கட்டக் கூடாது. தூக்குவதும் கையில் வாரி அல்ல. பலகை, கயிற்றுக் கட்டில், ஒன்றும் இல்லையென்றால் கெட்டியான சாக்கு, அதன்மேல் மெதுவாக நகர்த்தி, ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும். முறிந்த இடம் அசைந்தால் உள்ளே இன்னும் கிழியும்.

கடிபட்ட கையை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவினேன். நம்ம நாய்தானே, தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விடாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் அன்றைக்கு, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று ஊசி போட்டுக்கொண்டேன். காசு கிடையாது. எங்கள் அம்மாவுக்கு நாயைவிட என் கையைப் பற்றித்தான் கவலை.

கால்நடை டாக்டர் முதலில் இடுப்பைப் பார்க்கவில்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ஈறு வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் போகிறது என்று அர்த்தமாம். விரலால் ஈறை அமுக்கி எடுத்தால் வெளுத்த இடம் ரெண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். இதை வீட்டில் நாமே பார்க்கலாம். நல்ல நாயின் ஈறு எப்படியிருக்கும் என்று இன்றைக்கே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டால், ஆபத்து நேரத்தில் வித்தியாசம் தெரியும்.

அடுத்து, பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். மணி காலை இழுத்துக்கொண்டான். உணர்ச்சி இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். "அதை நம்பாதீங்க" என்றார் டாக்டர். முதுகுத்தண்டு அறுந்த நாய்கூடக் காலை இழுக்குமாம். இழுப்பது வேறு, வலி தலைக்கு எட்டுவது வேறு. மறுபடி அழுத்தியபோது மணி திரும்பிப் பார்த்து உறுமினான். அதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் முகத்தில் தெளிவு வந்தது. எக்ஸ்ரே எடுத்ததில் இடுப்பெலும்பு ரெண்டு இடத்தில் முறிந்திருந்தது, தண்டுவடம் தப்பித்திருந்தது.

எங்கள் பெரியப்பா மகன் கூட வந்திருந்தார். வெளியே வந்ததும், "ஏப்பா, எட்டு வயசு நாய், ஊசியப் போட்டு விட்டுட்டு வேற குட்டி பாரு. இதைக் கிடையில போட்டுப் பார்க்கறதுக்கு உனக்கேது நேரம்?" என்றார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல மாட்டேன். பண்ணையத்தில் இருக்கிறவர் கணக்கு அது. விரலில் வலி தெரியாமலிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். ஆனால் டாக்டர் சொன்ன கணக்கு வேறு: இடுப்பெலும்பைச் சுற்றிலும் கெட்டியான சதை இருப்பதால் அதுவே சிம்பு கட்டினது மாதிரி பிடித்துக்கொள்ளும், எல்லா முறிவுக்கும் ஆபரேஷன் தேவையில்லை, இதற்கு ஆறு வாரம் நடமாட விடாமல் அடைத்துவைத்தால் போதும். "வைத்தியம் நான் செய்யறது கொஞ்சம், நீங்க செய்யறதுதான் அதிகம்" என்றார். நான் முறித்தது, நானே பார்க்கிறேன் என்று கொண்டுவந்துவிட்டேன்.

கூண்டுக்கு எங்கும் போகவில்லை. ஆட்டுப்பட்டிப் படலில் நாலை எடுத்துத் தாழ்வாரத்தில் சேர்த்துக் கட்டினோம். ஐந்தடிக்கு நாலடி. திரும்பிப் படுக்க இடம் இருக்க வேண்டும், ஓட இடம் இருக்கக் கூடாது. கீழே சிமெண்ட் தரை வழுக்கும் என்பதால் சாக்கில் வைக்கோல் திணித்து மெத்தை மாதிரி போட்டு, மேலே பழைய வேட்டி. வேட்டி தினமும் மாற்ற வேண்டும். ஈரத்தில் படுத்தால் தோல் வெந்துபோகும். ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப் புண் வரும். ஆகவே நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். பகலில் எங்கள் வீட்டில் அவள் பார்த்துக்கொண்டாள், ராத்திரி நான். முதல் பத்து நாள் ராத்திரி எழுந்தது, பிள்ளைகள் கைக்குழந்தையாய் இருந்தபோது எழுந்ததைவிட அதிகம் என்று அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

மூத்திரம் போகிறதா என்பதுதான் முதல் நாள் கவலையெல்லாம். இடுப்பு நசுங்கினால் மூத்திரப்பை கிழிந்துபோவதும் உண்டு. ஒரு நாள் முழுக்க மூத்திரம் வராமல், வயிறு பெருத்து, வாந்தியும் எடுத்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் திரும்ப டாக்டரிடம் போய்விட வேண்டும். மணிக்கு அன்று ராத்திரியே படுத்தவாக்கில் போய்விட்டது. வேட்டி நனைந்ததைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வெளிக்கிருப்பது அடுத்த சிரமம். மலம் இறங்கும் வழி இடுப்பெலும்புக்கு நடுவில்தான் போகிறது. மலம் இறுகினால் வலி, வலிக்குப் பயந்து அடக்கினால் இன்னும் இறுகும். அரசாணிக்காயை உப்பில்லாமல் வேகவைத்து மசித்து, குழைந்த சோற்றில் பிசைந்து, அவித்த முட்டை ஒன்று சேர்த்துக் கொடுத்தோம். தண்ணீர் எப்போதும் பக்கத்தில். வெங்காயம் போட்ட குழம்புச் சோறு வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்தத்துக்கு ஆகாது. சமைத்த கோழி எலும்பும் வேண்டாம், ஊசியாய் முறிந்து குடலைக் குத்தும்.

வலியில் முனகுகிறானே என்று வீட்டில் இருந்த மாத்திரையை உடைத்துக் கொடுக்கப் பார்த்தான் என் தம்பி. நல்லவேளை, நான் பார்த்துவிட்டேன். நமக்குத் தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் போடுகிற இபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் நாய்க்கு வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் அளவு தப்பினால் ஈரலைக் கெடுக்கும். (டைக்ளோஃபினாக்கைக் கால்நடைக்குப் போடுவதை 2006-லேயே தடுத்தது பிணந்தின்னிக் கழுகுகளுக்காக. அது தனிக் கதை.) வலிக்கு மருந்து உண்டு, நாயின் எடை பார்த்து டாக்டர் கொடுப்பார்.

இனி புண். தையல் போட்ட இடம் பன்னிரண்டாம் நாள் பிரித்தாயிற்று. தோல் பற்றாத இடம் மட்டும் திறந்த புண்ணாய் நின்றது. அது உள்ளேயிருந்து சதை வளர்ந்துதான் மூட வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மட்டமாய் ரெண்டு டீஸ்பூன் உப்புப் போட்டு, அதனால் தினம் ரெண்டு வேளை கழுவ வேண்டும். பிறகு அயோடின் மருந்தைப் பால் விடாத லேசான டீ நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஒற்ற வேண்டும். மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில், சுண்ணாம்பு, இதெல்லாம் புதிதாய் வருகிற சதையை எரித்துவிடும். நக்காமல் இருக்கப் பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்து, விளிம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கழுத்தில் மாட்டினோம். நாய் எச்சில் பட்டால் புண் ஆறும் என்று எங்கள் அப்பாரு காலத்திலிருந்து சொல்வார்கள். நக்க நக்கப் புண் அகலமாகிறதே தவிர ஆறுவதில்லை.

மூன்றாம் வாரம் புரட்டாசியில் கடலைக்காய் பிடுங்க ஆள் வந்தார்கள். மழை வேறு மூடிக்கொண்டு நின்றது. ரெண்டு நாள் புண்ணைக் கழுவவில்லை. மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு வாடை. புண்ணின் ஓரத்தில் தோலுக்கடியில் பொந்து மாதிரி இருந்தது, உள்ளே நெளிந்தது. ஈ முட்டை வைத்தால் ஒரு நாளிலேயே புழு பொரித்துவிடும். டாக்டர் உட்கார்ந்து இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுத்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்தில் ஆறினது பாதிக்குமேல் போயிற்று. ரெண்டு நாள் கடலைக்காயை வீட்டிலிருக்கிற யாரிடமாவது விட்டிருக்கலாம், விடவில்லை. அதற்குப் பிறகு கொசுவலையை வெட்டிப் படலைச் சுற்றிக் கட்டினோம். முன்னமே செய்திருக்க வேண்டும்.

பட்டியைப் பற்றிக் கேட்பீர்கள். காவல் இல்லாததால் வீட்டோரமே மாற்றிக் கட்டியிருந்தோம். நாலாம் வாரம் ஒரு ராத்திரி தெருநாய்கள் வந்தன. எனக்குத் தூக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. மணி குரைத்த குரைப்பில்தான் எழுந்தேன். டார்ச்சையும் தடியையும் எடுத்துக்கொண்டு ஓடி விரட்டிவிட்டுத் திரும்பினால், படலுக்குள் நாலு காலிலும் நின்றுகொண்டிருக்கிறான். தொடை நடுங்குகிறது, ஆனால் நிற்கிறான். சந்தோஷப்படுவதா, எலும்பு விலகியிருக்குமோ என்று பயப்படுவதா? மெதுவாய் அமுக்கிப் படுக்கவைத்தேன். விடிய விடியப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். நாய் நின்றுவிட்டது, அவிழ்த்துவிடலாம் என்று நினைக்கிறோம். வலி குறைவது முதலில், எலும்பு கூடுவது பிறகு. ஆறு வாரம் என்றால் ஆறு வாரம்தான். அதுவரை வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் பின்பாகத்தைத் தாங்கிப் பிடித்து, மூத்திரத்துக்கு மட்டும் மண் தரையில் நாலு எட்டு. சதை சூம்பாமல் இருக்க, டாக்டர் சொன்ன பிறகு, படுத்தவாக்கில் காலைப் பிடித்து மெதுவாய் மடக்கி நீட்டினோம். வேளைக்குப் பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. உறுமினால் நிறுத்திவிட வேண்டும். எங்கள் சின்னப் பெண்ணுக்கு இது பிடித்துப் போய்விட்டது. பத்து வரைக்கும் எண்ணாமல் அவள் பள்ளிக்கூடம் போக மாட்டாள்.

ஆறாம் வாரம் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. ஆனால் அடுத்த வாரம், அக்டோபர் 31, தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு மிரண்டு படலைத் தாண்டிக் குதித்தால் போச்சு. கடலை மூட்டை வைத்த அறையில் ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாய் வைத்து, அவனோடு எங்கள் அம்மா உட்கார்ந்துகொண்டார். பலகாரமும் அங்கேயே.

அதன் பிறகு கயிற்றில் பிடித்து நடை. முதல் வாரம் ஐந்து நிமிஷம், ரெண்டு வேளை. வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டினோம். புண் முழுக்க மூடின பிறகு வரப்போரம் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடக்கவிட்டோம். தண்ணீர் உடம்பைத் தாங்கும், கால் வேலை செய்யும். மார்கழியில் துண்டு இல்லாமல், கயிறு இல்லாமல் பட்டிக்குப் போய்விட்டான். மருந்துச் செலவு, எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து ஒரு நல்ல செம்மறிக் கிடாய் விலை ஆகியிருக்கும். பெரியப்பா மகன் அதை இன்னும் நினைவுபடுத்துகிறார், ஆனால் அவர் பட்டியும் எங்கள் பட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இடது பின்காலைக் கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறான். வேகமாய் ஓடினால் மூன்று காலில் ஓடுகிறான். துரத்துகிற வேலைக்கு ஒரு குட்டி எடுத்து விட்டிருக்கிறோம். குரைத்து எழுப்புகிற வேலை இன்னும் மணியுடையதுதான். நான் இப்போது டிராக்டரில் ஏறுவதற்கு முன்னால் டிரெய்லர் பக்கப் பலகையைக் கையால் தட்டி, குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். மணி அங்கே படுப்பதில்லை. படலை எடுத்துவிட்ட பிறகும், தாழ்வாரத்தில் அந்த ஐந்தடிக்கு நாலடி இடத்தில்தான் பகலெல்லாம் படுத்திருக்கிறான். குட்டிதான் டிரெய்லர் நிழலுக்குப் போகிறது.