மேன்முறையீட்டில் எதை நிறுக்கிறோம்?



பாலியல் வன்முறை வழக்குகளில் பாதிக்கப்பட்டவளின் சாட்சியத்தை மேன்முறையீட்டில் எப்படி மதிப்பிடுவது என்பதே இந்த அமர்வுகளின் பொருள். இதில் இலங்கைச் சட்டம் வெகுதூரம் வந்துவிட்டது. இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு கேட்பதில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் உள்ள ‘சுனில் எதிர் சட்டமா அதிபர்’ வழக்கு, துணைச்சான்று இன்றித் தண்டிப்பது ஆபத்து என்று எச்சரித்தாலும், அவள் சொல் நம்பத்தக்கதாக இருந்தால் அதை மட்டும் கொண்டே தீர்ப்பளிக்கலாம் என்றது. சம்மதம் இல்லை என்பதைக் காட்ட உடம்பில் காயம் இருந்தாக வேண்டியதில்லை என்று தண்டனைச் சட்டக்கோவையின் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் எழுதிவைத்தது. பெண்ணின் சொல்லுக்கு மட்டும் தனி எச்சரிக்கை எதற்கு என்ற மனத்தாங்கல் எனக்கு உண்டு. அதைப் பின்னைய அமர்வுகள் பேசட்டும்.

நான் கேட்க வந்தது வேறு. கொழும்பு புதுக்கடையில் இருக்கும் மேன்முறையீட்டு நீதியரசர்கள் அவளைப் பார்ப்பதில்லை. அவர்கள் கையில் இருப்பது வழக்கேடு மட்டுந்தான். பதுளை மேல் நீதிமன்றத்தின் வழக்கேடு சிங்களத்தில் எழுதப்படுகிறது. 1999இல் இம்மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனமாயின. ஆனால் வழக்கேட்டின் மொழி அப்படியே இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, லயக் குடியிருப்பில் வாழும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். “பின்னேரக் கொழுந்து நிறுத்துட்டு லயத்துக்கு வர்ற வழியில” என்கிறாள். பொலிஸ் உத்தியோகத்தர் தம் மொழியில் ‘மாலை 5 மணி’ என்று எழுதுகிறார். தன்னால் வாசிக்க முடியாத தாளில் அவள் கையெழுத்து வைக்கிறாள். வருடங்கள் கழித்துச் சாட்சிக்கூண்டில் நின்று, “அப்ப இருட்டிருச்சுங்க” என்கிறாள். உடனே அது முரண்பாடாகக் குறிக்கப்படுகிறது. கொழுந்து கூடுதலான நாளில் நிறுவை பிந்தும் என்பதும், நமுனுகுலைச் சரிவில் மழைக்காலத்தில் பொழுதோடேயே மூட்டம் இறங்கிவிடும் என்பதும் வழக்கேட்டில் இராது. அவள் பொய் சொன்னாள் என்பது மட்டும் இருக்கும்.

தாமதமும் அப்படித்தான். ஏன் அன்றே முறைப்பாடு செய்யவில்லை என்று கேட்கிறோம். பொலிசுக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும். பேர் போடுகிறவனே குற்றவாளி என்றால் அவள் யாரிடம் சொல்லிவிட்டுப் போவாள்? காலையில் பேர் போட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தை அறியாதவர் இந்தத் தாமதத்தை அளக்க முடியாது.

விசாரணை நீதிபதி சாட்சியை நேரில் கண்டவர், ஆகவே அவர் முடிவில் எளிதில் கை வைக்கக்கூடாது என்பது நல்ல விதி. ஆனால் நீதிபதிகள் இடமாற்றம் பெறுகிறார்கள். முன்னவர் பதிந்த சாட்சியத்தை ஏற்றுக்கொண்டு அடுத்தவர் தொடர நீதித்துறைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு இடம் தருகிறது. தீர்ப்பு எழுதியவர் அவள் பேசியதைக் கேட்டே இராதபோது, அந்த விதிக்கு என்ன அடிப்படை?

தமிழ்நாட்டின் வாச்சாத்தியை நினைத்துக்கொள்கிறேன். 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் வனத்துறையினரும் காவல்துறையினரும் புகுந்தார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் 215 பேருக்குத் தண்டனை விதித்தது. மேன்முறையீட்டைக் கேட்ட சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன், 2023இல் அந்தக் கிராமத்துக்கே நேரில் போனார். அதே ஆண்டு செப்டம்பர் 29இல் தண்டனைகளை உறுதிசெய்தார். 31 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒவ்வொரு வழக்கிலும் நீதியரசர் மலையேற முடியாது. ஆனால் காகிதம் காட்டாததை அந்தப் பயணத்தில் தேடினார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதை அவளுக்காக மட்டும் சொல்லவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவனும் பல வேளைகளில் லயத்துத் தமிழன்தான். பிழையான வழக்கேடு அவனையும் சிறைக்கு அனுப்பும். நியாயமான சந்தேகத்தின் பலன் அவனுக்குரியது என்பதில் ஓர் அணுவும் குறையக்கூடாது.

1999இன் 32ஆம் இலக்கச் சட்டம் சிறுவர் சாட்சியின் நேர்காணலை ஒளிப்பதிவாக ஏற்க வழிசெய்திருக்கிறது. அந்த வழியை அகலப்படுத்தக் கேட்கிறேன். பதுளையில் தமிழில் சொல்லப்படும் சாட்சியம் ஒவ்வொன்றும் ஒலிப்பதிவாகி, வழக்கேட்டோடு புதுக்கடைக்குப் போகட்டும். முரண்பாடு எழுப்பப்படும் இடத்தில் தமிழறிந்த ஒருவர் அந்தப் பதிவைக் கேட்டுச் சொல்லட்டும். இதற்கான விதியை வரைவதே முதல் அமர்வின் வேலை. அமர்வைத் தொடக்கிவைக்கிறேன்.