காவிரி ஏன் கிழக்கே வருகிறது?

(பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஆறுகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், தலைக்காவிரிக்கு அரபிக்கடல்தானே பக்கம்? அதை விட்டுட்டு காவிரி ஏன் இவ்வளவு தூரம் சுத்தி நம்ம ஊருக்கு வருது?"

"தக்காணம் கிழக்கே சாய்ந்திருக்கிறது, எழுதிக்கொள்" என்றேன். விடை சரிதான். ஏன் சாய்ந்தது என்பது எனக்கே தெரியாது. அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை, இமயம்போல் மடிந்து எழுந்த மலை அன்று. அது பீடபூமியின் உடைந்த விளிம்பு. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவைவிட்டுப் பிரிந்தது. பிறகு சீஷெல்ஸ் பிரிந்தது. நிலம் பிளந்தபோது மேற்கு விளிம்பு உயர்ந்து நின்றது. பீடபூமி கிழக்கே சாய்ந்தது. அந்தச் சாய்வில்தான் காவிரி சுமார் 800 கிலோமீட்டர் ஓடி வருகிறது.

அப்படியானால் செங்குத்துச் சரிவு கடலோரத்திலேயே அல்லவா இருக்க வேண்டும்? இன்று அது பல கிலோமீட்டர் உள்ளே நிற்கிறதே!

காரணம் மழை. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில்தான் கொட்டுகிறது. அங்குள்ள ஆறுகள் குறுகியவை, வேகமானவை. ஷராவதி, ஜோக் அருவியில் 253 மீட்டர் கீழே விழுகிறது. இத்தகைய ஆறுகள் சரிவின் அடியை அரிக்க, மேலே பாறை பிடிமானம் இழந்து சரிகிறது. விளிம்பு மெல்லக் கிழக்கே பின்வாங்குகிறது. சில இடங்களில் கிழக்கே ஓடும் ஆற்றின் தலைப்பகுதியையே மேற்கு ஆறு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இதுவே ஆற்றுக் கவர்வு.

இவ்வளவு அரித்தும் மலை ஏன் தாழ்ந்துவிடவில்லை? பரிசலிலிருந்து மூட்டையை இறக்கினால் பரிசல் சற்று மேலே எழும் அல்லவா? பாறைச் சுமை குறையக் குறைய நிலமும் அப்படித்தான் மெதுவாக எழுகிறது.

வகுப்பில் இதைச் செய்துகாட்டலாம். ஈரமணலை ஒருபுறம் செங்குத்தாகவும் மறுபுறம் சாய்வாகவும் குவியுங்கள். செங்குத்துப் பக்கம் பூவாளியால் நீர் ஊற்றுங்கள். விளிம்பு பின்வாங்குவதை மாணவர்களே அளவுகோல் வைத்து அளக்கட்டும்.

அன்று நான், "எனக்கும் தெரியலம்மா, தேடிப் பார்த்து நாளைக்குச் சொல்றேன்" என்றிருக்கலாம். உங்கள் வகுப்பில் அப்படியொரு கேள்வி வந்தால், தயவுசெய்து அதைச் சொல்லுங்கள்.