நேர்மையாய் வாங்கினவன் தோற்கலாமா?



கரோக்கி உங்களுக்குத் தெரியும். இசை ஒலிக்கும், பாட்டின் வரிகள் திரையில் ஓடும், மைக் பிடித்தவர் பாடுவார். 1971-ல் ஜப்பானின் கோபே நகரில் டைசுகே இனோவே என்ற வாத்தியக்காரர் இதற்கென ஒரு பெட்டி செய்தார், காப்புரிமை வாங்கவில்லை. பெட்டி பொதுச்சொத்தாச்சு. பாட்டு அப்படி ஆகலே. பாடுவது வாடிக்கையாளரே ஆனாலும் லாபம் பார்ப்பது கடைக்காரர். ஆகவே பொறுப்பும் அவருடையதே என்று 1988-ல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே மதுக்கூடங்களில் கரோக்கி நடத்துபவர்கள் காசு போட்டு டிஸ்க் வாங்கினார்கள். பிறகு ஹார்ட் டிஸ்க் வந்தது. ஒரு செட்டை வாங்கிப் பத்தாக்கியவர் குறைந்த கூலிக்குப் போனார். நேர்மையாய் வாங்கியவருக்குப் பிழைப்பு போச்சு. 'சவுண்ட் சாய்ஸ்' டிஸ்க் தயாரித்த நிறுவனம், காப்பியிலும் தன் முத்திரை திரையில் தெரிகிறதே என்று வணிகச்சின்னச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. இது காப்பி எடுத்த விவகாரம், சின்னத்தின் விவகாரம் அல்ல என்று 2016-ல் சிகாகோ மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

ஹாஸ்டலில் பென் டிரைவ் நிறையப் பாட்டு ஏற்றியவன்தான் நானும். பெரிய கம்பெனிக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன். அடி விழுந்தது பக்கத்தில் நின்ற நேர்மையான தொழிலாளிக்கு!

காப்பி எடுப்பதைச் சுலபமாக்கியது நம்ம தொழில். நேர்மையாய் வாங்குவதையும் அதே அளவு சுலபமாக்குங்க, தம்பிகளே, தங்கைகளே. அது நம் கையில்தான் இருக்கு.